குறை சொல்லி விற்ற வாரம்

எங்கள் வீட்டில் வாங்குவது அவர், விற்பது நான். கல்யாணமாகி மாத்தளைக்கு வந்த நாளிலிருந்து ஏற்பாடு அப்படித்தான். கடைத்தெருவில் எங்களுக்கு மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று வாங்கி விற்கும் மொத்தக் கடை ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாக்கில் வருவதை என் கணவர் வாங்குவார். முழங்கை வரைக்கும் சாக்கினுள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்து, "இதுக்கு இன்னும் வெயில் வேணும்" என்று அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தச் சரக்கைக் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு விற்பது என் பொறுப்பு. பொம்பிளை கல்லாவில் உட்காருகிறாளே என்று ஆரம்பத்தில் பேசினார்கள். பேசியவர்களின் வீட்டுப் பெண்களே பிறகு யாவார யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் நல்ல யாவாரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாக்கின் வாயிலிருந்து சரக்கைக் காட்ட மாட்டோம். வாங்க வந்தவரின் முன்னால் சாக்கைக் கவிழ்த்து, அடியில் கிடப்பதைச் சுளகில் கொட்டி, குறையை முதலில் சொல்லுவோம். காம்பு இருந்தால் காம்பு, ஈரம் இருந்தால் ஈரம். விலை அதற்குப் பிறகுதான். குறையை மறைத்து விற்ற காசு ஹலால் இல்லை என்பது மார்க்கம். குறையை மறைத்தவன் கடைக்கு லொறி இரண்டாம் தடவை வராது என்பது யாவாரம். இரண்டும் ஒன்றையே சொல்வதால் எனக்கு இதில் யோசிக்க எதுவும் இருந்ததில்லை.

அப்படிப்பட்ட கடையை நடத்தும் மனிதர், கண்ணால் காணாமல், கையால் தொடாமல் வாங்கிய ஒரே சாமான் ஒரு வாரம்.

ஆமாம், ஏழு நாள் கொண்ட வாரம்தான். தென்கரையில் ஒரு ஹோட்டல். அதில் ஓர் அறையை ஒவ்வொரு வருடமும் ஒரு குறிப்பிட்ட வாரத்துக்கு நம்முடையது என்று எழுதிக் கொடுப்பார்கள். அதற்குப் பெரிய தொகை ஒன்றை முதலிலேயே கட்ட வேண்டும். பிறகு, போனாலும் போகாவிட்டாலும், பராமரிப்புக் கட்டணம் என்று வருடா வருடம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டைம்ஷெயர் என்று இதற்குப் பெயர். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அந்த வாரம்" என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

ஒரு நாள் கடைக்குப் போன் வந்தது. உங்கள் நம்பருக்கு அதிர்ஷ்டம் விழுந்திருக்கிறது சேர், மிஸிஸையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு விருந்துக்கு வாருங்கள் என்றார்கள். போனோம். குளிரூட்டிய மண்டபம், வெள்ளை மேசைவிரிப்பு, சுவரில் கடலும் தென்னையும் அசைகிற பெரிய திரை. வாழ்நாள் முழுக்க "முதலாளி" என்று கூப்பிடப்பட்டவரை அங்கே ஒருவர் விடாமல் "சேர், சேர்" என்றார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எந்த வாரம் வேண்டும் சேர் என்று அந்த ஆள் கேட்டபோது மற்ற மேசைகளில் எல்லாரும் டிசம்பர் என்றார்கள். இவர் மட்டும் கடைக்காரப் புத்தியோடு கணக்குப் போட்டார். ஏப்ரல் நடுவில் அவுருது என்கிற சிங்கள, தமிழ்ப் புதுவருடம் வருகிறது. மூட்டை தூக்குகிறவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், லொறி ஓடாது, மாத்தளைக் கடைத்தெருவே படுத்துவிடும். கடையை மூடினாலும் நட்டமில்லாத வாரம் வருடத்திலேயே அது ஒன்றுதான்.

"ஏப்ரல் அவுருது கிழமையத் தாங்க" என்றார். "நல்ல தெரிவு சேர். அது தங்க வாரம், விலை கொஞ்சம் கூட" என்றான் அந்த ஆள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை இருந்தது.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. ஏப்ரல் நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் நோன்பு நிற்காது. அது பிறையைப் பார்த்து வருவது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். கையெழுத்துப் போட்ட வருடம் நோன்பு நடு வருடத்தில் வந்தது. ஏப்ரலுக்கு அது எப்போது வந்து சேரும் என்று சின்னப் பிள்ளையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கும். மிளகு மூட்டையின் அடி வரைக்கும் கையை விடுகிறவர் கலண்டரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதல் மூன்று வருடம் போனோம். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பிறகு நோய் வந்து நாடே மூடிக் கிடந்தது. கட்டணத்துக்கு மட்டும் நோயில்லை. எல்லாம் திறந்தபோது நோன்பு ஏப்ரலில் வந்து உட்கார்ந்திருந்தது. கட்டிய காசு வீணாகக் கூடாது என்று ஒரு வருடம் நோன்போடே போனோம். வீணாவது எனக்கு ஆகாது. கடையில் சிந்திய மிளகைக்கூடக் கூட்டி அள்ளிப் புடைத்து வைக்கிறவள் நான். பகல் சாப்பாட்டு நேரத்தில் பொரித்த இறாலின் வாசனை மாடி வரைக்கும் வந்தது. நாங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நோன்பு திறக்கக் கஞ்சி கிடைக்குமா என்று இவர் போய்க் கேட்டார். பாவம், அவர்கள் மரியாதையோடு சோளமாவு சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் குடித்துவிட்டு, "கஞ்சி மாதிரித்தான் இருக்கு" என்று இவர் சொன்னார்.

நோன்பு ஏப்ரலைத் தாண்டிப் போனபோது பிள்ளைகளும் எங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். மகன் கட்டாரில், மகள் கண்டியில் புருஷன் வீட்டில். இவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மணலில் நாலடி நடந்தால் உட்கார இடம் தேடுவார். கட்டணம் மட்டும் வருடத்துக்கு வருடம் ஏறியது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துதே குடையுதே என்றவன் கதைதான் எங்கள் கதை. இதற்கு மேலும் ஒன்று இருந்தது. எங்கள் காலத்துக்குப் பிறகு அந்த வாரமும் அதன் கட்டணமும் பிள்ளைகளின் பெயருக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மகள் பெருநாளுக்கு வந்தபோது அதை வாசித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காணி தாறீங்க, நகை தாறீங்க, எல்லாம் சரி. இத மட்டும் எனக்கு விட்டுட்டுப் போயிராதீங்க உம்மா."

அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த வாரம் என் பிள்ளைகள் தலையில் விழக் கூடாது. அதற்காக அடுத்தவர் பிள்ளைகளை ஏமாற்றி அவர்கள் தலையிலும் கட்டக் கூடாது. வாங்கியவர் வாங்கிவிட்டார், விற்பது என் பொறுப்பு.

முதலில் விற்றவர்களிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். திருப்பி எடுக்கும் வழக்கமில்லை மேடம், வேறு யாராவது விரும்பினால் அவர்களின் பெயருக்கு மாற்றித் தருவோம் என்று இனிமையாகச் சொன்னார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு தரகர் போன் எடுத்தார். உங்கள் வாரத்துக்கு ஆள் தயாராக இருக்கிறது, முதலில் எங்கள் தரகுப் பணத்தை அனுப்புங்கள் என்றார். மாத்தளையில் தராசு இறங்கிய பிறகுதான் தரகு, தம்பி, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். போன் தானாகவே வைக்கப்பட்டது.

ஊருக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். அப்போதுதான் இவர் தேர்ந்தெடுத்த வாரத்தின் முழு மகிமையும் எனக்குத் தெரியவந்தது. எங்களுக்கு மிளகு கொண்டுவரும் சிங்களப் பெரியவர் சிரித்தார். அவுருதுக்கு நல்ல நேரம் பார்த்துச் சொந்த அடுப்பை மூட்டாமல் எந்தப் பைத்தியக்காரன் ஹோட்டலுக்குப் போவான் என்று கேட்டார். அம்மன் கோயில் பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா, "வருஷப் பொறப்புக்குப் புள்ளைங்க எல்லாம் வீட்டுக்கு வருவாங்களே, நான் எப்படிங்க கெளம்புறது?" என்றார். வேதக்காரக் குடும்பம் ஒன்று ஆசைப்பட்டுக் கேட்டது. கலண்டரைப் பார்த்தால் சில வருடங்களில் பெரிய வெள்ளி அந்தப் பக்கம்தான் வந்து நிற்கிறது. இந்த நாட்டில் நாலு மதத்துக்கும் உதவாத வாரம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, கூட விலை கொடுத்து வாங்கியிருந்தார் என் கணவர்.

இதை நான் அவர் முன்னால் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது.

என் தம்பிக்கு இந்தச் சங்கதி தெரிந்ததும் சவூதியிலிருந்து திரும்பிவந்த தன் கூட்டாளி ஒருவரைக் கடைக்கே கூட்டி வந்தான். கையில் காசு இருக்கிறது, செலவழிக்க வழி தெரியவில்லை என்ற தோரணையில் இருந்தார் அந்த ஆள். போனில் ஹோட்டல் படங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, எடுப்போமே" என்றார். தம்பி எனக்குக் கண்ணைக் காட்டினான்.

நான் சாக்கைக் கவிழ்த்தேன். கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்றேன். அவுருதுக்குத் தெற்கே போகும் ரோட்டில் பாதி நாள் போய்விடும் என்றேன். வாரத்தை மாற்றிக் கேட்டால் இடமில்லை என்பார்கள், நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன் என்றேன். நோன்பு சுற்றி வந்து திரும்பவும் அதே வாரத்தில் உட்காரும், அப்போது நீங்கள் சூப் குடிக்க வேண்டிவரும், மௌத்தாகிக் கண்ணை மூடினால் உங்கள் பிள்ளை கட்ட வேண்டிவரும் என்றேன். சவூதிக்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கக்கூட இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார்.

"ராத்தா, குறையச் சொல்லி யாராவது யாவாரம் பண்ணுவாங்களா?" என்று தம்பி பல்லைக் கடித்தான். "வாங்கினவன் மெதுவாக் கண்டுபுடிச்சிக்கட்டும். உங்களுக்கும் அப்படித்தானே வித்தாங்க."

"அதனாலதான் சொல்லுறேன்" என்றேன். "எனக்கு வித்த மாதிரி நான் ஒருத்தருக்கும் விக்க மாட்டேன்."

இந்தப் பதிலை இன்றைக்கும் நான் மெச்சிக்கொள்வேன். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் கணவரின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். நான் சொன்ன ஒவ்வொரு குறையும் அவர் வாங்கிய குறை. யாவாரிகள் நடுவில் "சரக்குப் பார்க்கத் தெரிந்தவர்" என்று பெயரெடுத்த மனிதர், பெண்சாதி வாயால் வாரா வாரம் அந்தப் பெயரை இழந்துகொண்டிருந்தார். எனக்கு மனசு கஷ்டப்பட்டது. குறையைச் சொல்லாமல் விற்கவும் முடியாது, சொன்னால் இவர் தலை குனிகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் அந்தப் பேச்சையே நிறுத்திவைத்தேன்.

அப்படி நிறுத்தியிருந்த நாளில்தான் அந்தப் பிள்ளை வந்தாள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பெண். ஊருக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் வாடகை வீடு. கறித்தூளைத் தானே வறுத்து இடிப்பாள், அதனால் மல்லியும் செத்தல் மிளகாயும் எங்களிடம் மாதாமாதம் எடுப்பாள். சவூதிக்காரர் வந்த நாளில் மல்லி நிறுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. இந்த முறை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் லக்கலப் பக்கத்துச் சிங்களப் பையன், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"அன்ரி, அண்டைக்கு ஒரு கிழமையைப் பற்றிக் கதைச்சனீங்கள். அது இன்னும் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இருக்கு. உங்களுக்கு வேணாம் மகள்" என்றேன்.

"நீங்கள் சொன்ன குறையெல்லாம் நான் கேட்டனான். எங்களுக்கு அந்தக் கிழமைதான் வேணும்."

ஏன் என்று கேட்டேன். அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேரும் வீட்டாருக்குப் பிடிக்காமல் கட்டிக்கொண்டவர்கள். அவளுடைய அப்பா இனி இந்தப் படியேறாதே என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மா சேதிகூட அனுப்புவதில்லை. மற்ற நாளெல்லாம் வேலையோடு போய்விடும். புதுவருடம் வந்தால்தான் தாங்க முடிவதில்லை.

"எங்கட ஒழுங்கையில எல்லாரும் ஊருக்குப் போயிடுவினம் அன்ரி. மிஞ்சிற ஆக்கள், நீங்கள் போகேல்லையோ எண்டு கேப்பினம். நாங்கள் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருப்பம். கடையும் இல்லை, பாண்கூட இல்லை. அண்டைக்கு ஆரும் எங்களைக் கேள்வி கேக்காத ஒரு இடம் இருந்தால் போதும்."

எல்லாரும் வீட்டில் இருந்தே ஆக வேண்டிய வாரம். அதனால்தான் அதை ஒருவரும் தொடவில்லை. வீடு என்று போக இடமில்லாத இரண்டு பேர் அதற்காகவே அதைக் கேட்டு வந்து நின்றார்கள். ஆனாலும் வாயைத் திறக்கப் போனேன். இரக்கப்பட்டு விற்றாலும் விற்பனை விற்பனைதான், சின்னஞ்சிறுசுகள், குறையை இன்னொரு தடவை முகத்துக்கு நேரே சொல்லித்தான் ஆக வேண்டும். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இருங்க. இத நான் சொல்லுறேன்."

என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அந்தப் பையனுக்கு விளங்க வேண்டும் என்று சிங்களத்திலேயே பேசினார். "மகன், இது நான் ஏமாந்து வாங்கின சாமான். படத்தைப் பார்த்து வாங்கினேன். சேர் என்று கூப்பிட்டதில் மயங்கி வாங்கினேன். எனக்கு ஏற்பட்டது உங்களுக்கு ஏற்படக் கூடாது, அதனால் கேளுங்கள்" என்று ஆரம்பித்தார். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். நான் சவூதிக்காரரிடம் சொல்லாமல் விட்ட குறைகளையும் சொன்னார். கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிளகு கொண்டுவந்த ஊர்க்காரர் இரண்டு பேரும் கேட்டார்கள். அவர் குரல் ஓர் இடத்திலும் தாழவில்லை.

இத்தனை வருடத்தில் அவர் எத்தனையோ நல்ல சரக்கைக் கடித்துப் பார்த்து வாங்கியிருக்கிறார். அப்போதெல்லாம் வராத பெருமை, தான் ஏமாந்ததைப் பத்துப் பேர் கேட்க அவர் சொன்னபோது எனக்கு வந்தது. இவர் என் புருஷன் என்று தெருவில் இறங்கிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது பையன் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாம் விளங்கியது அங்கிள், எங்களுக்குச் சம்மதம் என்று. இவர் விடவில்லை. "பாக்காம வாங்கக் கூடாது. அடிச் சரக்கக் கண்ணால பாத்துட்டு வாங்க, பிறகு பேசுவோம்" என்றார். அந்த ஏப்ரலுக்கு நாங்கள் கட்டணம் கட்டியாகிவிட்டது. எங்கள் விருந்தாளிகள் என்று ஹோட்டலுக்குச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தோம். ஒரு வாரத்தையே சாம்பிளாகக் கொடுத்த கடை இலங்கையில் எங்கள் கடையாகத்தான் இருக்கும்.

போய் வந்ததும் குறை என்ன என்று கேட்டேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பக்கத்து மண்டபத்தில் பாட்டுச் சத்தம் காதைக் கிழிக்கிறது, மீன் குழம்பில் புளி இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குறையைப் பார்க்கத் தெரிந்தவளிடம்தான் கொடுக்கிறோம் என்று நிம்மதி வந்தது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"பக்கத்து மேசையில ஒரு அம்மா, எந்த ஊர் எண்டு கேட்டவ. மாத்தளை எண்டு சொன்னன். அவ்வளவுதான் அன்ரி."

பெயர் மாற்றினோம். சும்மாவே கொடுத்துவிடலாம் என்றேன் நான். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா கிடைத்த விருந்தில்தானே அங்கிள் மாட்டிக்கொண்டார் என்று பையன் சிரித்தபோது என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பேச்சுக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர்களின் கைக்குத் தாங்குகிற ஒரு தொகையைக் கொடுத்தார்கள், முதலுக்கு நட்டம்தான். மகளுக்குப் போன் எடுத்து, "உன் தலை தப்பிச்சிது" என்றேன். தம்பியைக் கூப்பிட்டு, குறை சொல்லியே விற்றுவிட்டேன், பார்த்துக்கொள் என்றேன். அவன் பொறுக்க மாட்டாமல், "அது நீங்க விக்கல்ல ராத்தா, மச்சான் வித்தது" என்றான். அதற்கும் எனக்குப் பெருமைதான் வந்தது.

அதற்கடுத்த ஏப்ரல் வந்தது. கடைத்தெரு வழக்கம் போல வெறிச்சென்று கிடந்தது. நாங்கள் பாதிக் கதவைத் திறந்துவைத்துத் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். இந்நேரம் கடற்கரையில் இருக்க வேண்டியவள். ரோட்டில் எங்காவது கார் பழுதாகிவிட்டதோ, ஹோட்டலில் ஏதும் தகராறோ என்று பயந்தேன். நாம் கொடுத்த சாமானில் நாம் சொல்லாத ஏதோ ஒரு குறை வெளிவந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அன்ரி, நாங்கள் இந்த முறை கடலுக்குப் போகேல்லை" என்றாள். பின்னால் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. "லக்கல பஸ்ஸில நிக்கிறம். இதை விட்டால் இண்டைக்கு வேற பஸ் இல்லையாம்."

"லக்கலைக்கா? யார் வீட்டுக்கு?"

"அவரின்ரை அம்மா கோல் பண்ணினவ." அவளுக்குக் குரல் உடைந்தது. "நாளைக்கு நல்ல நேரத்துக்குப் பால் பொங்க வைக்க என்னை வரட்டாம். என்ரை கையால வைக்க வேணுமாம்."

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். புதுவருடத்தில் அடுப்பில் பால் பொங்க வைக்கிற கை அந்த வீட்டுக்காரியின் கை. அதை மருமகளுக்குக் கொடுக்கிறாள் ஒரு தாய் என்றால் அதற்கு மேல் அழைப்பு என்ன இருக்கிறது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு இவர் பக்கமாகத் திருப்பினேன். அவர் தட்டு துடைத்த துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"அன்ரி, கட்டணம் கட்டியாச்சு. அறை சும்மா கிடக்குது. நீங்களும் அங்கிளும் போறீங்களோ? வீணாப் போகப் போகுது. அவ்வளவு கஷ்டப்பட்டு எங்களுக்குத் தந்தனீங்கள். கோவமோ?"

பஸ் ஏதோ வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது போல, அவள் குரல் விட்டுவிட்டு வந்தது. லைன் அறுவதற்குள் சொல்ல வேண்டும் என்று போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். சிந்திய மிளகை அள்ளிப் புடைக்கிறவள் நான். என் வாழ்க்கையில் ஒரு சாமானைப் பற்றியும் அப்படிச் சொன்னதில்லை.

"வீணாப் போகட்டும் மகள்" என்றேன். "வருசா வருசம் வீணாப் போகட்டும்."